வீட்டிலேயே கார் ஸ்பார்க் பிளக் மாற்றுவது: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக் காரின் ஸ்பார்க் பிளக்கைத் தாமே மாற்றிப் பார்க்க நினைக்கும் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர்ப் பக்கத்து உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன். முதன்முறையாக ஸ்பேனர் பிடிப்பவரை மனத்தில் வைத்து எழுதியது இது. ஒரு பதிலில் சொன்னதை மறுபடி எழுதாமல் கேள்வி எண்ணைச் சுட்டியிருப்பதால், புதியவர்கள் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

1. அண்ணாச்சி, இந்த ஸ்பார்க் பிளக்கு உள்ள இருந்து என்னதான் செய்யுது?

சிலிண்டருக்குள் அழுத்தப்பட்டிருக்கும் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவைக்குச் சரியான நேரத்தில் தீ வைப்பதே அதன் வேலை. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி அனுப்புகிறது. பிளக்கின் நுனியில் உள்ள இரண்டு மின்முனைகளுக்கு நடுவே, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இருக்கும் இடைவெளியை அது பொறியாகத் தாண்டுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்குக் குறைந்தது 1,500 முறை பொறி விட வேண்டும்.

ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தை அரித்துக்கொண்டு போகிறது. அதனால் நாளடைவில் இடைவெளி அகன்று, அதைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் தேவைப்படுகிறது. காயிலால் ஈடுகொடுக்க முடியாத நிலை வரும்போது பொறி தவறுகிறது. பட்டறைகளில் 'மிஸ்ஸிங்' என்று சொல்வதற்கு இது முக்கியமான காரணம்.

2. எங்க வண்டி டீசல். அதுலயும் இந்தப் பிளக்கு இருக்கா?

இல்லை. டீசல் எஞ்சினில் காற்று மிகக் கடுமையாக அழுத்தப்படும்போது உண்டாகும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. அதில் இருப்பது ஹீட்டர் பிளக். குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதற்கு உதவுவது. இங்கே சொல்லப்படுபவை அதற்குப் பொருந்தா.

3. என் கார்ல எத்தனை பிளக்கு இருக்கும்?

பெரும்பாலும் ஒரு சிலிண்டருக்கு ஒன்று. ஆல்டோ, டியாகோ போன்றவற்றில் மூன்று, 1.2 லிட்டர் ஐ10, பழைய ஸ்விஃப்ட் ஆகியவற்றில் நான்கு. 2024இல் வந்த புதிய ஸ்விஃப்டில் மூன்று. விதிவிலக்காக, 2003இல் இங்கே அறிமுகமான ஹோண்டா சிட்டியின் ஐ-டி.எஸ்.ஐ. எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு பிளக்குகள் உண்டு. அந்தக் காரைப் பழையதாக வாங்கியவர்கள் நான்கு மட்டும் வாங்கிவந்து நடுவில் நிற்க வேண்டாம். எந்தக் காராக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவதே முறை.

4. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருதடவ மாத்தணும்?

காருடன் வந்த கையேட்டில் உள்ள எண்ணே முடிவானது. பொதுவாக நிக்கல் முனை கொண்ட சாதாரண பிளக்குக்கு 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரையும், இரிடியம் அல்லது பிளாட்டினம் முனை கொண்டதற்கு 1,00,000 கிலோமீட்டரை ஒட்டியும் சொல்லப்பட்டிருக்கும்.

ஓட்டும் விதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதன்மேல் படியும் கரி தானாக எரிந்து போகும். பாளையங்கோட்டையில் கிளம்பி ஜங்ஷனில் காய்கறி வாங்கித் திரும்புவதோடு ஓட்டம் முடிந்துவிடும் கார், அந்தச் சூட்டை அடைவதற்குள்ளேயே நிறுத்தப்பட்டுவிடுகிறது. நான்குவழிச் சாலையில் அடிக்கடி மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் போய்வரும் காரின் பிளக், அதிகத் தூரம் ஓடியிருந்தும் சுத்தமாக இருப்பதை நீங்களே பார்க்கலாம். ஊருக்குள் மட்டும் ஓடும் கார் வைத்திருப்பவர்கள், கையேடு சொல்லும் தூரத்தில் பாதியிலேயே ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

5. மாத்துற நேரம் வந்துட்டுன்னு எப்படித் தெரியும்?

காலையில் செல்ஃப் அடித்ததும் உடனே கிளம்பாமல் இழுப்பது, நின்றபடி ஓடும்போது எஞ்சின் குலுங்குவது, ஆக்சிலேட்டரை அழுத்தும்போது விட்டுவிட்டு இடிப்பது, மைலேஜ் மெல்லக் குறைவது ஆகியவை வழக்கமான அறிகுறிகள். சமதளத்தில் ஒழுங்காக ஓடும் கார், செங்கோட்டை தாண்டிப் புளியரை மலைப்பாதையில் ஏறும்போது மட்டும் திணறினால் பிளக்கின் மேல் ஐயம் கொள்ளலாம். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூடப் பொறி தாண்டுவதற்கு வேண்டிய வோல்ட்டும் கூடுகிறது. தேய்ந்த பிளக் முதலில் தோற்பது அந்த இடத்தில்தான்.

இதே அறிகுறிகளைக் கெட்டுப்போன காயிலும், அடைத்த ஏர் ஃபில்டரும், இன்ஜெக்டரும் காட்டக்கூடும். ஆனால் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மினுங்கினால் காரணம் எதுவானாலும் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்கே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதைப் பாழாக்கும். அதன் விலைக்குப் பல ஆண்டுகளுக்கான பிளக்குகள் வாங்கிவிடலாம்.

6. எனக்குக் கைப்பழக்கமே கிடையாது. நானே மாத்தலாமா?

பானெட்டைத் திறந்ததும் காயில்களோ பிளக் ஒயர்களோ மேலாகவே கண்ணுக்குத் தெரிந்தால், பொறுமையுள்ள எவரும் மாற்றலாம். ஆம்னி, ஈக்கோ வண்டிகளில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கும். இருக்கையைத் தூக்கிவிட்டால் அங்கும் முடியும். எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டையே கழற்றினால்தான் பிளக் தெரியும் என்ற அமைப்புள்ள கார்களை மட்டும் முதல் முயற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிளக் விலை குறைந்த பொருள். அது உட்காரும் சிலிண்டர் ஹெட்டின், அதாவது சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் பாகத்தின், மரை விலைமிக்கது. ஹெட் அலுமினியத்தால் ஆனது, பிளக்கின் மரை எஃகால் ஆனது. இரண்டும் மோதினால் தோற்பது அலுமினியம்தான். இனி வரும் பதில்களில் நான் அழுத்திச் சொல்பவை எல்லாம் அந்த மரையைக் காப்பதற்காகவே.

7. என்னென்ன சாமான் வேணும்?

உள்ளே ரப்பர் அல்லது காந்தம் வைத்த நீளமான பிளக் சாக்கெட், ஒரு ரேச்செட், குழியின் ஆழத்துக்கு ஏற்ற எக்ஸ்டென்ஷன் கம்பி, காயில் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 மி.மீ. சாக்கெட், இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜ், ஒரு டார்ச் லைட், ஒரு சைக்கிள் பம்ப், கண்ணுக்குக் கண்ணாடி. பல கார்களுக்கு 16 மி.மீ. சாக்கெட் பொருந்தும், பழைய கார்கள் சிலவற்றுக்கு 21 மி.மீ., மெல்லிய பிளக் உள்ள புதிய எஞ்சின்கள் சிலவற்றுக்கு 14 மி.மீ. தேவைப்படும். எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் கிடைத்தால் மிகவும் நல்லது. இல்லாதவர்களுக்கு 18ஆம் கேள்வியில் வழி சொல்லியிருக்கிறேன்.

பைக்குடன் வந்த பிளக் ஸ்பேனரை வைத்துச் சமாளிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆழமான குழிக்குள் அது எட்டாது. எட்டினாலும் கோணலாகப் பிடித்துப் பிளக்கின் பீங்கானை உடைத்துவிடும். இவற்றோடு, பிளக்கின் தலையில் இறுக்கமாக மாட்டும் அளவில் ஒரு சாண் நீள ரப்பர் டியூப் துண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பயன் 17ஆம் கேள்வியில் வருகிறது.

8. கடைக்காரர் ஒண்ணு சொல்லுதாரு, இணையத்துல ஒண்ணு சொல்லுது. எந்தப் பிளக்கு வாங்கணும்?

கையேட்டில் அச்சாகியிருக்கும் எண்ணை வாங்குங்கள். கையேடு இல்லையென்றால் பழைய பிளக்கைக் கழற்றி, அதன் பீங்கானில் உள்ள எண்ணைக் காட்டி வாங்கலாம். ஆனால் முந்தைய உரிமையாளர் தவறானதைப் போட்டிருக்கவும் கூடும் என்பதால், தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் கார் மாடலையும் ஆண்டையும் கொடுத்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அந்த எழுத்துகளுக்கு எல்லாம் பொருள் உண்டு. எடுத்துக்காட்டாக என்.ஜி.கே. நிறுவனத்தின் பி.கே.ஆர்.6இ-11 (BKR6E-11) என்ற எண்ணில், 'பி' என்பது 14 மி.மீ. மரை, 'கே' என்பது 16 மி.மீ. அறுகோணத் தலை, 'ஆர்' என்பது உள்ளே மின்தடை இருப்பது, 6 என்பது வெப்ப எண், 'இ' என்பது 19 மி.மீ. மரை நீளம், 11 என்பது 1.1 மி.மீ. இடைவெளி. இவற்றில் மரை நீளம் தவறினால் ஆபத்து அதிகம். நீளம் கூடினால் பிளக்கின் நுனி பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால் ஹெட்டின் கடைசி மரைகளில் கரி படிந்து, பிறகு சரியான பிளக் ஏறாது. மின்தடை இல்லாத பிளக்கைப் போட்டால் ரேடியோவில் இரைச்சல் வருவதோடு, எஞ்சினின் கணினிக்கும் தொந்தரவு உண்டாகலாம்.

வெப்ப எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் 'குளிர்ந்த' பிளக், அதாவது சூட்டை விரைவாக ஹெட்டுக்குக் கடத்துவது. பாஷ் பிளக்குகளில் எண் கூடினால் 'சூடான' பிளக். ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு நேராக ஒப்பிடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்காகக் குளிர்ந்த பிளக் போட வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு, அதற்குத் தேவையில்லை. எரியும் அறைக்குள் இருக்கும் சூட்டின் முன் 38 டிகிரி வெளிவெயில் ஒரு பொருட்டே அல்ல.

9. இரிடியம் போட்டா பிக்கப் கூடுமா?

நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினில் உணரும்படியாகக் கூடாது. இரிடியத்தின் பெருமை அதன் ஆயுள். நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும்; இரிடியம் 2,446 டிகிரியில் உருகும். அந்த உறுதியால் முனையை 2.5 மி.மீ. தடிமனிலிருந்து 0.4 முதல் 0.6 மி.மீ. வரை மெலிதாக்க முடிகிறது; மெல்லிய முனையில் பொறி எளிதாகக் கிளம்புகிறது. தேய்ந்த நிக்கல் பிளக்கை எடுத்துவிட்டு இரிடியம் போட்டவர் உணரும் துடிப்பு, பெரும்பாலும் புதிய பிளக் என்பதால் வந்தது. புதிய நிக்கல் பிளக்கும் அதையே தந்திருக்கும்.

தொழிற்சாலையிலேயே இரிடியம் போடப்பட்ட காருக்கு இரிடியமே போடுங்கள். மற்றவற்றுக்கு நிக்கல் போதும் என்பது என் கருத்து. விலை பல மடங்கு குறைவு என்பதோடு, அடிக்கடி கழற்றிப் பார்ப்பதால் எஞ்சினின் நலமும் தெரியவரும்.

10. டூப்ளிகேட் வாங்கிடுவோமோன்னு பயமா இருக்கே?

பில் தரும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குவதுதான் பாதுகாப்பு. மங்கிய அச்சு, வளைந்து நிற்கும் மேல் முனை, மரையின் விளிம்பில் பிசிர், எளிதில் கழன்று விழும் வாஷர் ஆகியவை இருந்தால் அந்தப் பிளக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

11. ஓட்டிட்டு வந்த சூட்டோடயே கழத்தலாமா?

கூடாது. சூட்டில் அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரிவதால், அந்த நிலையில் பிளக்கைத் திருப்பும்போது மரை உரிந்துவரும் வாய்ப்பு அதிகம். கையும் சுடும். இரவு நிறுத்திய காரை மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் எடுத்துக்கொள்வது மிகவும் வசதி. சித்திரை, வைகாசியில் நடுப்பகலில் திறந்த வெளியில் நிற்கும் காரின் பானெட்டைத் தொட்டாலே கை கொதிக்கும் என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

12. பேட்டரி ஒயரைக் கழத்தணுமா?

சாவியை எடுத்துவிட்டால் போதும். கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால் நெகட்டிவ் முனையைக் கழற்றலாம். ஆடியோவின் குறியீட்டு எண் கேட்கப்படும் கார்களில் அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எஞ்சின் ஓடும்போது காயிலையோ பிளக் ஒயரையோ கையால் உருவி எது மிஸ்ஸிங் என்று பார்க்கும் பழைய பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அந்த மின்சாரம் பல்லாயிரம் வோல்ட். இதய நோயாளிக்கு உயிராபத்து, மற்றவர்களுக்கும் நல்லதல்ல.

13. பானெட்டத் தொறந்துட்டேன். பிளக்கு எங்க இருக்குன்னே தெரியல.

மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியையும், சில சிறிய கார்களில் எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் எடுத்தால், வரிசையாக மூன்றோ நான்கோ காயில்கள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கனெக்டரும் ஒரு போல்ட்டும் இருக்கும். கனெக்டரின் நாக்கை அழுத்திப் பிடித்து, ஒயரை இழுக்காமல், கனெக்டரின் உடம்பைப் பிடித்து எடுங்கள். பல ஆண்டு எஞ்சின் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் நாக்கு அப்பளமாக நொறுங்கும் நிலையில் இருக்கும், அவசரப்பட்டால் உடைந்துவிடும். காயிலை முதலில் இடமும் வலமும் சற்றே திருப்பி, ரப்பர் விடுபட்டதும் நேராக மேலே தூக்குங்கள்.

காயிலுக்குப் பதில் தடித்த பிளக் ஒயர்கள் இருந்தால் அவற்றின் ரப்பர் மூக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். எந்த ஒயர் எந்த சிலிண்டருக்கு என்பது மாறினால் வண்டி கிளம்பாது அல்லது பின்னோக்கி வெடிக்கும். எனவே ஒரு பிளக்கை முழுமையாக மாற்றி, அதன் ஒயரையும் பொருத்திய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

14. காயிலை எடுத்தா குழிக்குள்ள ஒரே செம்மண்ணா கிடக்கு. அப்படியே பிளக்கைக் கழத்தலாமா?

கழற்றவே கூடாது. திசையன்விளை, ராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்துக் கார்களில் இதை அதிகம் பார்க்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று தேரி மணலைக் கிளப்பிவிட, பானெட்டின் இடுக்குகள் வழியே அது உள்ளே போய், பிளக்கின் அறுகோணத் தலையைச் சுற்றி மாவுபோலப் படிந்துவிடுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானின் அடியில் ஒரு சிவந்த வளையம் தெரியும். இரும்புச் சத்தால் சிவந்த குவார்ட்ஸ் மணல் அது. பிளக்கைத் திருப்பியவுடன் அது சரிந்து சிலிண்டருக்குள் விழும். விழுந்தால் பிஸ்டன் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சிலிண்டர் சுவரைக் கீறும்.

கண்ணாடி அணிந்துகொண்டு, பம்பின் முனையில் ஒரு மெல்லிய குழாயைச் செருகிக் குழியின் அடிவரை விட்டு ஊதுங்கள். பிறகு பிளக்கைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, அசைவில் உதிர்ந்த மணலை மறுபடி ஊதி, அதன்பின் முழுதாகக் கழற்றுங்கள். வெளியே எடுத்ததும் அந்தத் துளையைத் துணியால் மூடி வையுங்கள். நூல் பிரியும் துணி வேண்டாம். காற்று வீசும் நாளில் திறந்த முற்றத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

15. பிளக்கு திரும்பவே மாட்டேங்கு. பைப் போட்டு நெம்பட்டுமா?

வேண்டாம். மரையைச் சுற்றி ஊடுருவும் எண்ணெயைச் சில துளிகள் விட்டு, முடிந்தால் ஓர் இரவு அப்படியே விடுங்கள். பிறகு மெதுவாகத் தளர்த்தி, கால் சுற்று வந்ததும் மறுபடி சற்றே இறுக்கி, மீண்டும் தளர்த்தி, முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள். கரித்துகள் மரைக்குள் உருண்டு அடைப்பதை இந்த ஆட்டம் தடுக்கும். அப்போதும் 'கிரீச்' என்று பிடித்துக்கொண்டே வந்தால் அங்கேயே நிறுத்தி, பட்டறைக்குக் கொண்டுபோவதில் எந்தக் குறைவும் இல்லை.

16. புதுப் பிளக்குதானே, கேப்பு பாக்கணுமா?

பார்க்க வேண்டும். பெட்டிக்குள்ளேயே கீழே விழுந்து முனை நெரிந்திருக்கலாம். கையேட்டில் சொன்ன அளவுள்ள ஃபீலர் தகடு லேசான உராய்வோடு போய்வந்தால் சரி. பல கார்களுக்கு அந்த அளவு 0.7 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும். நிக்கல் பிளக்கில் மாறுபாடு இருந்தால் வளைந்த வெளி முனையை மட்டும் மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். இரிடியம் பிளக்கின் மெல்லிய நடு முனையின் மேல் எதையும் ஊன்றி நெம்பக் கூடாது, முறிந்துவிடும். அளவு தவறாக இருந்தால் மாற்றி வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு. சிமென்டுத் தரையில் விழுந்த பிளக்கைப் பயன்படுத்தாதீர்கள். பீங்கானில் மயிரிழை விரிசல் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கலாம்.

17. புதுசை மரையில ஏத்தும்போது கோணலாப் போயிடுமோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானது. இந்த வேலையில் முழுக் கவனமும் தேவைப்படும் இடம் இதுவே. ரேச்செட்டைத் தூர வைத்துவிடுங்கள். ஏழாம் கேள்வியில் சொன்ன ரப்பர் டியூபைப் பிளக்கின் தலையில் மாட்டி, குழிக்குள் நேராக இறக்கி, விரல் நுனியால் டியூபைத் திருப்புங்கள். முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்பினால், பிளக்கின் மரையும் ஹெட்டின் மரையும் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் சற்றே இறங்குவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பத் தொடங்குங்கள்.

சரியாகப் பிடித்த மரையில் பிளக் எந்தத் தடையும் இல்லாமல் பல சுற்று இறங்கிக்கொண்டே போகும். கோணலாகப் பிடித்திருந்தால் ஒன்றிரண்டு சுற்றிலேயே நின்றுவிடும், ரப்பர் டியூப் பிளக்கின் மேல் வழுக்கிச் சுற்றும். டியூபைப் பயன்படுத்தச் சொல்வதே இதற்காகத்தான். மரையை உடைக்கும் அளவு பலம் அதற்குக் கிடையாது. நின்றுவிட்டால் முழுதாக வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். எத்தனை முறை எடுத்துப் போட்டாலும் நட்டமில்லை. ரேச்செட்டை மாட்டி 'கொஞ்சம் டைட்டா இருக்கு' என்று ஒரு திருப்புத் திருப்பினால் பிறகு 26ஆம் கேள்விக்குப் போக வேண்டியிருக்கும்.

18. டார்க் ரெஞ்ச் கிடையாது. எவ்வளவு முறுக்கணும்?

வாஷர் உள்ள 14 மி.மீ. புதிய பிளக்கானால், விரலால் திருப்பி அடியில் உட்கார்ந்தபின் ரேச்செட்டால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்று வரை இறுக்க வேண்டும். மற்ற அளவுகளுக்குப் பெட்டியின் மேல் படமே போட்டிருப்பார்கள். இறுக்கும்போது கையை உன்னிப்பாகக் கவனியுங்கள். முதலில் குழல் போன்ற வாஷர் நசுங்குவதால் மெத்தென்ற எதிர்ப்பு இருக்கும், ரேச்செட் எளிதாக நகரும். வாஷர் தட்டையானதும் எதிர்ப்பு சட்டெனக் கெட்டியாகும். அந்த மாற்றத்தை உணர்ந்த இடத்திலேயே கையை எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஓடிய பிளக்கைச் சோதித்துவிட்டுத் திரும்பப் போடும்போது வாஷர் முன்பே நசுங்கியிருக்கும்; பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும். வாஷர் இல்லாமல் கூம்பாக உட்காரும் பிளக்குக்குப் பதினாறில் ஒரு பங்கு. டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவர்களுக்கு, அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. பிளக்குக்கு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. பிளக்குக்கு 15 முதல் 20 வரை என்பது பொதுவான அளவு. கையேடு வேறு எண் சொன்னால் அதையே கொள்ளுங்கள்.

குறைவாக இறுக்கினாலும் கேடுதான். பிளக் தன் சூட்டை வாஷர் வழியாகவும் மரை வழியாகவும் ஹெட்டுக்குக் கடத்துகிறது. தளர்வாக இருந்தால் சூடு வெளியேறாமல் நுனி உருகும், அழுத்தமும் கசியும்.

19. கடற்கரையில இருக்கோம், உப்புக்காத்து. மரையில கிரீஸ் தடவிடலாமா?

உவரி, இடிந்தகரை, திருச்செந்தூர்ப் பக்கத்தினர் இதைக் கேட்பதில் பொருள் இருக்கிறது. பேட்டரி முனையும் போல்ட்டுகளும் அங்கே விரைவில் அரித்துப்போகின்றன. ஆனால் இன்றைய பிளக் மரைகளுக்குத் துருப்பிடிக்காத பூச்சு தொழிற்சாலையிலேயே தரப்பட்டிருக்கிறது. அதன்மேல் கிரீஸோ, மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பூசும் ஆன்டி சீஸோ தடவினால் மரை வழுக்கி, அதே அளவு பலத்தில் கூடுதலாக இறுகிவிடும். மரையை உலர்வாகவே விடுங்கள். காயிலின் ரப்பர் மூக்கின் உள் விளிம்பில் மட்டும் மின்சாரம் கடத்தாத சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லிதாகத் தடவலாம். ஈரமும் உப்பும் உள்ளே போகாது, அடுத்த முறை கழற்றும்போது ரப்பர் கிழியாது.

20. கழத்துன பழைய பிளக்கைப் பாத்து என்ன தெரிஞ்சுக்கலாம்?

நிறையத் தெரிந்துகொள்ளலாம். கழற்றிய வரிசையிலேயே ஒரு அட்டையில் சிலிண்டர் எண் எழுதி அடுக்கி வையுங்கள். எந்த சிலிண்டரில் கோளாறு என்று பிறகு சொல்ல அது தேவை. பீங்கான் மூக்கு இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது. உலர்ந்த கரி மைபோலப் படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது நான்காம் கேள்வியில் சொன்ன குறுகிய ஓட்டம் காரணம்.

ஈரமாகப் பளபளக்கும் கருமை எண்ணெயைக் காட்டுகிறது. வால்வ் சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கலாம். வெளிறி, கொப்புளம் கண்ட பீங்கானோ உருகிய முனையோ இருந்தால் அந்த சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பிளக்கை மாற்றிவிட்டு ஓட்டிக்கொண்டிருக்காமல் காரணத்தைப் பட்டறையில் பார்க்க வேண்டும். எல்லாமே ஒரே நிறத்தில் கறுத்திருப்பதைவிட, மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் வேறுபட்டிருப்பதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். கோளாறு இருக்கும் இடத்தை அது நேராகக் காட்டிவிடுகிறது.

21. பீங்கான்ல வெளிப்பக்கம் பழுப்பா ஒரு வளையம் இருக்கு. கேஸ் லீக்குன்னு பட்டறையில சொல்லுதாவளே?

உலோகமும் வெள்ளைப் பீங்கானும் சேரும் இடத்துக்குச் சற்று மேலே தெரியும் அந்தக் கறை பெரும்பாலும் கசிவு அல்ல. உயர் மின்னழுத்தத்தால் பீங்கானைச் சுற்றிய காற்று மின்னேற்றம் பெற்று, காற்றில் உள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்துப் படியவைக்கிறது. கொரோனா கறை என்று அதற்குப் பெயர், பொறியைப் பாதிக்காது. அதற்காக நல்ல பிளக்கைத் தூக்கிப் போட வேண்டாம். பீங்கானின் நீளவாக்கில் பென்சிலால் கோடு இழுத்ததுபோலக் கருங்கோடு இருந்தால் அது வேறு: மின்சாரம் வெளிப்புறமாகவே ஓடியிருக்கிறது. அப்போது பிளக்கோடு ரப்பர் மூக்கையும் மாற்ற வேண்டும்.

22. குழிக்குள்ள எண்ணெய் நிக்குது. பிளக்கு வழியா வருதா?

இல்லை, மேலே உள்ள வால்வ் கவரின் கேஸ்கெட்டோ குழியின் சீலோ கசிகிறது. கழற்றுவதற்கு முன்பே துணியைக் கம்பியில் சுற்றி ஒற்றி எடுத்துவிடுங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப்போய்ப் பொறியைத் தவறவிடும் என்பதால், சீலை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

23. பழசைக் கம்பி பிரஷ்ஷால தேச்சுத் திரும்பப் போட்டா என்ன?

கம்பியின் உலோகம் பீங்கானில் கோடுகளாக ஒட்டி, மின்சாரத்துக்குக் குறுக்கு வழி போட்டுக் கொடுக்கும். இரிடியம் பிளக்கில் முனையே போய்விடும். தேய்ந்து உருண்ட முனையைத் தேய்ப்பு திரும்பக் கூர்மையாக்குவதும் இல்லை. புதியது வாங்கும்வரை ஓரிரு நாள் ஓட்ட வேண்டியிருந்தால், மென்மையான நைலான் பிரஷ்ஷும் பிளக் கிளீனர் ஸ்பிரேயும் போதும்.

24. மாத்துன பிறகு முன்னைய விட மோசமா ஓடுது. என்ன அண்ணாச்சி இது?

பெரும்பாலும் ஏதாவது ஒரு கனெக்டர் 'டிக்' என்று பூட்டாமல் இருக்கும், அல்லது காயில் முழுதாக இறங்கியிருக்காது. அவற்றைப் பாருங்கள். சரியாக இருந்தால் ஸ்கேனர் கருவியில் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். பி0301 (P0301) என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், பி0302 (P0302) என்றால் இரண்டாவதில், இப்படியே மற்றவையும். குறியீடு முதல் சிலிண்டரைக் காட்டினால் அதன் காயிலை இரண்டாவதோடு மாற்றிப் பொருத்துங்கள். குறியீடும் இரண்டாவதற்கு நகர்ந்தால் காயில் குற்றவாளி. நகராவிட்டால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள்.

ஒயரையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வந்து, வெதுவெதுப்பான எஞ்சின் மேல் குடியேறி, ஒயர்களைக் கடித்து வைக்கின்றன. நீங்கள் காயிலை அசைத்தபோது பாதி அறுந்திருந்த ஒயர் முழுதாக விட்டிருக்கலாம்.

25. ஈ20 பெட்ரோல், சி.என்.ஜி. இதுக்கெல்லாம் வேற பிளக்கா?

20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலுக்குக் கையேட்டில் உள்ள அதே பிளக் போதும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே என்பதால், 20 சதவீதம் கலக்கும்போது மைலேஜ் சற்றுக் குறைவது இயல்பு. அந்தக் குறைவைப் பிளக் மாற்றி மீட்க முடியாது. சி.என்.ஜி. வேறு வகை: அந்த வாயுக் கலவையில் பொறி தாண்ட அதிக வோல்ட் தேவைப்படுவதால் பிளக்கும் காயிலும் விரைவில் தேய்கின்றன. தொழிற்சாலையிலேயே சி.என்.ஜி. பொருத்திய காருக்கு அதற்கென்று சொன்ன பிளக்கையும் இடைவெளியையும் கடைப்பிடியுங்கள். வெளியே கிட் பொருத்தியவர்கள், பொருத்தியவரிடம் இடைவெளி அளவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வதோடு, நான்காம் கேள்வியில் சொன்ன தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

26. எவ்வளவு திருப்புனாலும் இறுகாம சுத்திக்கிட்டே இருக்கு. மரை போயிட்டு போல. இனி என்ன செய்ய?

உடனே நிறுத்துங்கள், வண்டியைக் கிளப்ப வேண்டாம். பிடிப்பில்லாத பிளக்கைச் சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் காயிலோடு சேர்த்து வெளியே எறிந்துவிடும். பட்டறைக்கு ஓட்டிச் செல்லாமல் வேறு வண்டியில் ஏற்றியோ கட்டி இழுத்தோதான் கொண்டுபோக வேண்டும்.

முதல் ஒன்றிரண்டு மரை மட்டும் நெளிந்திருந்தால், அதே அளவுள்ள மரை சீராக்கும் கருவியில் கிரீஸ் தடவித் திருப்பிச் சரிசெய்துவிடுவார்கள். முழுதாக உரிந்திருந்தால் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புதிய மரை வெட்டி, அதற்குள் எஃகு மரைக்கூட்டைப் பதிக்க வேண்டும். ஒழுங்காகப் பதித்த கூடு பழைய அலுமினிய மரையைவிட உறுதியாகவே நிற்கும். இதை ஹெட் வேலை தெரிந்த லேத் பட்டறையில் கொடுங்கள். கொடுக்கும்போது ஒன்று கேளுங்கள்: வெட்டும் அலுமினியத் துகள் சிலிண்டருக்குள் விழாமல் என்ன செய்வார்கள் என்று. ஹெட்டைக் கழற்றிச் செய்வதாகச் சொன்னால் செலவு கூடினாலும் கவலையில்லை. கழற்றாமலே செய்வதானால், வெட்டும் கருவியில் கிரீஸை அப்பித் துகளைப் பிடித்து எடுப்பது, அரைச் சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைப்பது, முடிவில் மெல்லிய குழாயால் சிலிண்டருக்குள் இருப்பதை உறிஞ்சி எடுப்பது ஆகிய மூன்றையும் அவர் தாமாகவே சொல்ல வேண்டும். சொல்லாதவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.